சட்டத்துக்குத் தலைவணங்கிய முதல் ஜனாதிபதி

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி காலை. டில்லி ராஷ்டிரபதி பவனத்தின் தர்பார் மண்டபம் நிறைந்திருந்தது. மணி 10.18-க்கு, கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி, இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தார். ஆறு நிமிடம் கழித்து பீகாரைச் சேர்ந்த 65 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். அடர்ந்த வெள்ளை மீசை, கதர் உடை, ஆஸ்துமாவால் தளர்ந்த உடம்பு. தலைமை நீதிபதி ஹரிலால் கனியா அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். வெளியே 31 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. பாபு ராஜேந்திர பிரசாத் இந்தியாவின் முதல் ஜனாதிபதி ஆனார்.

அன்று அவர் எடுத்துக் கொண்ட பிரமாணத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மந்திரிகள் பதவி ஏற்கும்போது அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி கூறுகிறார்கள். ஜனாதிபதியோ அதற்கு மேலும் ஒரு படி போக வேண்டும். அரசியல் சட்டத்தைப் பேணிப் பாதுகாத்து நிற்பேன் என்று அவர் சத்தியம் செய்கிறார். சட்டத்தின் 60-வது பிரிவு அப்படித்தான் விதித்திருக்கிறது.

ஆனால் அந்தக் காவல்காரரின் கையில் ஆயுதம் என்று எதுவும் கிடையாது. மந்திரிசபையின் யோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். தன் மனசு வேண்டாம் என்கிறது, மந்திரிசபை கையெழுத்துப் போடச் சொல்கிறது, அப்போது ஜனாதிபதி என்ன செய்வது? கையெழுத்துப் போடுவது சட்டத்தைக் காப்பதா? போட மறுப்பது சட்டத்தைக் காப்பதா? இந்தக் கேள்வி 12 ஆண்டுகள் ராஜேந்திர பாபுவை விடவில்லை. அதற்கு அவர் கண்ட விடைதான் அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி.

ஜீராதேயில் பிறந்த பிள்ளை

1884-ம் ஆண்டு டிசம்பர் 3-ந்தேதி, பீகாரின் சாரண் ஜில்லாவில் ஜீராதேய் என்ற கிராமத்தில் ராஜேந்திர பிரசாத் பிறந்தார். தந்தை மகாதேவ் சகாய். தாயார் கமலேசுவரி தேவி. குடும்பத்துக்குச் சிறிய ஜமீன் இருந்தது. சிறு வயதில் ஒரு மௌல்வியிடம் பாரசீகம் படித்தார். அக்கால வழக்கப்படி 12 வயதிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவி ராஜவம்சி தேவி.

பையன் படிப்பில் சூரன். 1902-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சையில் முதல் மாணவனாகத் தேறினார். மாதம் 30 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1915-ல் எம்.எல். பரீட்சையிலும் முதலிடம் அவருக்கே. 1916-ல் பாட்னாவில் ஐகோர்ட்டு ஏற்பட்டதும் தொழிலை அங்கே மாற்றிக் கொண்டார். வருமானம் கொழித்தது. நீதிபதி பதவி வெகு தூரத்தில் இல்லை என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

தேசசேவைக்கு வரும்படி கோபால கிருஷ்ண கோகலே ஒரு முறை அவரை அழைத்தார். ராஜேந்திரருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அண்ணன் மகேந்திர பிரசாத் மனம் வருந்தியதைக் கண்டு அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். தன் விருப்பத்தை அடக்கிக் கொள்ளும் குணம் அவரிடம் இளமையிலேயே இருந்தது.

சம்பரானில் கிடைத்த பாடம்

1917 ஏப்ரலில் அவர் வாழ்க்கை திசை மாறியது. சம்பரான் ஜில்லாவில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்து வந்தார்கள். ஒரு பிகா நிலம் என்பது 20 கட்டா. அதில் மூன்று கட்டாவில் குடியானவன் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டும். நெல் விளையும் மண்ணில் முதலாளிக்காக அவுரி போட்டுவிட்டு அவன் பட்டினி கிடந்தான். ராஜகுமார் சுக்லா என்ற விவசாயி காந்திஜியை விடாமல் வற்புறுத்திப் பீகாருக்கு அழைத்து வந்தார்.

பாட்னாவில் சுக்லா நேராக ராஜேந்திர பிரசாத்தின் வீட்டுக்குத்தான் காந்திஜியைக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வந்தவர் யார் என்று தெரியாத வேலைக்காரர்கள், எந்த ஜாதியோ என்று சந்தேகப்பட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கக்கூட விடவில்லை. ஊர் திரும்பிய ராஜேந்திரர் விஷயம் அறிந்து சம்பரானுக்கு விரைந்தார்.

அங்கே அவர் இரண்டு விஷயங்களைக் கண்டார். ஜில்லாவை விட்டு வெளியேறும்படி போட்ட உத்தரவை காந்திஜி மீறினார். ஆனால் மோதிகாரி கோர்ட்டில் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தண்டனையை ஏற்கவும் தயார் என்றார். இது ஒன்று. ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும்போது, ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, பொய்யோ மிகையோ கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இது மற்றொன்று. அந்த வாக்குமூலங்களைப் பதிவு செய்த வக்கீல்களில் ராஜேந்திரர் முக்கியமானவர். தனித்தனிச் சமையல்காரரோடு வந்திருந்த வக்கீல்கள் அவரவர் ஜாதிச் சமையலை விட்டு ஒரே பந்தியில் சாப்பிட்டதும் அங்கேதான்.

விசாரணைக் கமிட்டி அமைந்தது. 1918-ல் சட்டம் வந்தது. மூன்று கட்டா அவுரிக் கொடுமை ஒழிந்தது. உண்மையைச் சாட்சியத்தோடு நிறுத்தினால் பலமான அரசாங்கமும் இறங்கி வரும் என்பதை அந்த இளம் வக்கீல் கண்ணால் பார்த்தார். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது வக்கீல் தொழிலை உதறினார்.

பூகம்ப நிதியும் கணக்கும்

1934 ஜனவரி 15-ந்தேதி பிற்பகல் பீகாரை ஒரு பூகம்பம் உலுக்கியது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் தரைமட்டமாயின. ராஜேந்திர பாபு அப்போது கைதி. நோயாலும் வாடிக் கிடந்தார். இரண்டு நாள் கழித்து அரசாங்கம் விடுதலை செய்தது. படுக்கையை நாடாமல் நிவாரணக் கமிட்டியை அமைத்தார். அவர் பெயரை நம்பி நாடு முழுவதும் இருந்து 38 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்து குவிந்தது.

அந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்க வந்தவர் ஒரு தமிழர். தஞ்சையில் பிறந்த ஜே.சி.குமரப்பா. காலணாவானாலும் ரசீது இல்லாமல் விடாத கண்டிப்புக்காரர். பொதுப்பணத்தில் கண்டிப்பு வேண்டும் என்பதில் ராஜேந்திர பாபுவுக்கும் அதே எண்ணம்தான்.

அந்த ஆண்டே பம்பாய் காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்தார். 1939-ல் சுபாஷ் சந்திர போஸ் ராஜினாமா செய்து காங்கிரஸ் பிளவுபட்டு நின்ற நெருக்கடியிலும் அவரையே தலைவராக்கினார்கள். சண்டை வந்த இடத்துக்கெல்லாம் நடுநிலையான ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் தேடினார்கள். 1942-ல் கைதாகி, 1945 ஜூனில்தான் வெளியே வந்தார். அந்த மூன்று ஆண்டுச் சிறைவாசத்தில்தான் தன் வரலாற்றை எழுதினார்.

அரசியல் நிர்ணய சபையின் நாற்காலி

1946 டிசம்பர் 11-ந்தேதி அரசியல் நிர்ணய சபை அவரை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுமார் மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். சபை 11 முறை கூடியது. 165 நாட்கள் உட்கார்ந்தது. நகல் சட்டத்துக்கு 7,600-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்தன. அவற்றில் 2,473 சபையில் எடுத்துக் கொள்ளப்பட்டன. டாக்டர் அம்பேத்கர் தலைமையில் இருந்த வரைவுக் கமிட்டியில் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், என்.கோபாலசாமி அய்யங்கார், பின்னர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஆகிய சென்னை மாகாணத்துப் பெரியவர்களும் இருந்தார்கள்.

தலைவராக ராஜேந்திர பாபு எப்படி நடந்து கொண்டார் என்பதற்கு மொழிப் பிரச்சினையே நல்ல சாட்சி. அவர் தீவிர இந்திப் பற்றாளர். இந்தி சாகித்திய சம்மேளனத்துக்கே தலைமை வகித்தவர். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் தொடங்கியபோது சபை கொதித்துப் போயிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் தம் கட்சிக்கு ஒத்தாசை செய்திருப்பார். ராஜேந்திர பாபுவோ உறுப்பினர்களைப் பார்த்து எச்சரித்தார். மெஜாரிட்டியைக் கொண்டு ஒரு முடிவை நிறைவேற்றி விடலாம். ஆனால் வடக்கிலோ தெற்கிலோ கணிசமான ஒரு பகுதி மக்களுக்கு அது பிடிக்காவிட்டால், அரசியல் சட்டத்தை நடத்துவதே பெரும் கஷ்டமாகிவிடும். நாடு முழுவதும் ஏற்கும் முடிவாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். கடைசியில் இந்தியை ஆட்சிமொழியாக்கி, 15 ஆண்டுகள் ஆங்கிலமும் நீடிக்கும் என்ற சமரச ஏற்பாட்டைச் சபை ஏற்றது.

எழுதாமல் விட்ட ஒரு வரி

மந்திரிசபை சொல்வதை ஜனாதிபதி கேட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இந்தக் கேள்வியை அப்போதே, சபையின் தலைவராக இருந்துகொண்டே, ராஜேந்திர பாபு கேட்டார். மந்திரிசபை ஜனாதிபதிக்கு உதவியும் யோசனையும் கூறும் என்று மட்டுமே 74-வது பிரிவு சொன்னது. அந்த யோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்ற வரி அதில் இல்லை. இங்கிலாந்து மன்னரைப்போலவே நம் ஜனாதிபதியும் மந்திரிகளின் யோசனைப்படி நடப்பார் என்று அம்பேத்கர் விளக்கினார். ஜனாதிபதி எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளைத் தனி அட்டவணையாகச் சேர்க்கவும் ஒரு யோசனை இருந்தது. பிறகு அது தேவையில்லை என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி சபையில் அறிவித்தார். மரபே போதும் என்று முடிவாயிற்று.

1949 நவம்பர் 26-ந்தேதி சட்டம் நிறைவேறிய நாளில் பேசிய முடிவுரையிலும் ராஜேந்திர பாபு இதைக் குறிப்பிட்டார். சட்டத்தில் எழுத்தாக இல்லாவிட்டாலும், இங்கிலாந்து மரபு இங்கும் வேரூன்றும் என்று நம்புவதாகச் சொன்னார். எவ்வளவு நல்ல சட்டமானாலும் அதை நடத்துகிறவர்கள் யோக்கியமாக இருந்தால்தான் பயன் என்பதையும் நினைவூட்டினார். இரண்டே மாதத்தில் அந்த மரபை முதன்முதலாக நடத்திக் காட்டும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது.

முதல் ஜனாதிபதியாக ராஜாஜி வரவேண்டும் என்பதே பிரதமர் நேருவின் விருப்பம். ஆனால் காங்கிரசில் பெரும்பாலோர் ராஜேந்திர பாபுவை விரும்பினார்கள். படேலும் அவர் பக்கம். 1950 ஜனவரி 24-ந்தேதி போட்டியின்றித் தேர்வானார். பிரதமரும் ஜனாதிபதியும் பல விஷயங்களில் மாறுபட்ட கருத்துள்ளவர்களாக இருந்தார்கள். ஒருவரையொருவர் மதித்தார்கள். ஆனால் ஒரே மாதிரி சிந்திக்கவில்லை.

பேனா தயங்கிய நேரங்கள்

முதல் சோதனை சொந்த மாநிலத்திலிருந்தே வந்தது. ஜமீன் முறையை ஒழிக்கப் பீகார் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றி, ஜனாதிபதியின் ஒப்புதலுக்கு அனுப்பியது. அதன் சில அம்சங்களில் ராஜேந்திர பாபுவுக்கு ஆட்சேபணை இருந்தது. அதை எழுத்தில் தெரிவித்தார். மந்திரிசபை தன் முடிவில் உறுதியாக நின்றது. 1950 செப்டம்பர் 11-ந்தேதி ஜமீன் குடும்பத்தில் பிறந்த ஜனாதிபதி அந்த மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தார்.

1951 மே 11-ந்தேதி புதுப்பிக்கப்பட்ட சோமநாதர் கோவில் விழாவுக்குப் போனார். மதச்சார்பற்ற அரசின் தலைவர் போகலாமா என்று நேரு ஆட்சேபித்தார். அதையும் மீறித்தான் போனார். எல்லா மதத்து வழிபாட்டு இடத்துக்கும் அழைத்தால் போவேன் என்பது அவர் நிலை. ஆகவே அவர் வாய் பேசாத பொம்மையாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் பெரிய மோதல் வந்தது. இந்துக்களின் திருமணம், சொத்துரிமை முதலியவற்றைச் சீர்திருத்தும் இந்து சட்ட மசோதாவை அம்பேத்கர் பார்லிமெண்டில் கொண்டு வந்திருந்தார். ஒரே தாரம், பெண்ணுக்குச் சொத்து, விவாகரத்து என்று அடிப்படையான மாற்றங்கள். ராஜேந்திர பாபுவுக்கு இது உடன்பாடில்லை. அப்போதிருந்த தற்காலிகப் பார்லிமெண்டு வயது வந்தோர் எல்லாரும் ஓட்டுப் போட்டு அமைந்ததல்ல, இத்தனை பெரிய மாற்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்கு விட வேண்டும் என்று வாதாடினார். மசோதா தன்னிடம் வந்தால், மந்திரிசபை என்ன சொன்னாலும், தன் சொந்த முடிவுப்படி நடக்க விரும்புவதாக நேருவுக்குக் கடிதம் எழுதினார்.

நேரு திடுக்கிட்டார். இது ஒரு மசோதாவைப் பற்றிய தகராறு அல்ல. நாட்டை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டா, தனி மனிதரா என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது. அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாடிடமும், சென்னையின் சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரிடமும் அபிப்பிராயம் கேட்டார். சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி, மந்திரிசபையின் யோசனையை மீறும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என்று தெளிவாகக் கூறினார். செதல்வாடின் கருத்தும் அதுவே.

ராஜேந்திர பாபு அதற்கு மேல் போகவில்லை. பத்திரிகைகளைக் கூட்டிப் பிரதமரைத் தாக்கவில்லை. பழமைவாதிகளைத் திரட்டவில்லை. அந்த மசோதாவும் அப்போது முழுமையாக நிறைவேறாமல் நின்றது. அம்பேத்கர் மனம் நொந்து மந்திரிசபையிலிருந்து ராஜினாமா செய்தார். பொதுத்தேர்தல் வந்தது. நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டுப் புதிய பார்லிமெண்டை அனுப்பினார்கள். அந்தப் பார்லிமெண்டு பழைய மசோதாவைப் பகுதி பகுதியாகப் பிரித்து நிறைவேற்றியது. 1955 மே மாதம் இந்து திருமணச் சட்டம் வந்தது. 1956 ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு காப்பாளர் சட்டமும் தத்துச் சட்டமும் வந்தன. நான்கிலும் ராஜேந்திர பிரசாத் என்ற கையெழுத்து இருக்கிறது. தம் மனசுக்குப் பிடிக்காத சட்டங்கள்தான். ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் முடிவு. கணவனை இழந்த பெண்ணும் மகளும் சொத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போக அந்தக் கையெழுத்து வழி திறந்தது.

கடமை முன்னே, துக்கம் பின்னே

மாளிகையில் இருந்தாலும் அவர் வாழ்க்கை ஆசிரமத்து வாழ்க்கைதான். நூல் நூற்பதை விடவில்லை. சட்டம் அனுமதித்த 10,000 ரூபாய் சம்பளத்தை முழுவதும் வாங்காமல் குறைத்துக் கொண்டார். 1952, 1957 தேர்தல்களில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு முறை ஜனாதிபதியாகத் தேர்தல் கண்டு வென்றவர் இன்று வரை அவர் ஒருவரே.

ஒரு குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு. அவரைத் தாய்போல நேசித்து வந்த அக்காள் பகவதி தேவி காலமானார். பொழுது விடிந்தால் அணிவகுப்பு. நாட்டின் தலைவர் மரியாதையை ஏற்க வேண்டும். வீட்டில் பிணத்தை வைத்துவிட்டு ராஜேந்திர பாபு அணிவகுப்பு மேடைக்குப் போனார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கடைசி வரை இருந்தார். திரும்பி வந்த பிறகே தகனத்துக்கு ஏற்பாடு செய்தார்.

1960-ல் எழுப்பிய கேள்வி

அவர் மனதில் பழைய சந்தேகம் மட்டும் தீரவில்லை. 1959 ஜூலை 31-ந்தேதி, சட்டசபையில் மெஜாரிட்டி உள்ள நம்பூதிரிபாட் மந்திரிசபையைக் கேரளத்தில் கலைக்கும் உத்தரவில் மத்திய மந்திரிசபையின் யோசனைப்படி அவர் கையெழுத்திட்டார். அது சரியா தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

1960 நவம்பர் 28-ந்தேதி, டில்லியில் இந்தியச் சட்டக் கழகக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, ஜனாதிபதி தம் மனதில் இருந்ததைச் சபையில் வைத்தார். நம் ஜனாதிபதியின் அதிகாரமும் இங்கிலாந்து மன்னரின் அதிகாரமும் ஒன்றுதானா? மன்னர் பரம்பரையாக வருகிறவர். ஜனாதிபதியோ தேர்ந்தெடுக்கப்படுகிறவர். குற்றம் செய்தால் பதவியிலிருந்து நீக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படியிருக்க இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பதைச் சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார். தலைநகரம் பரபரத்தது. நேரு அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜனாதிபதி சட்டப்படி நடக்கும் தலைவராகவே இருந்து வருகிறார் என்று சொல்லி முடித்துக் கொண்டார்.

பேச்சு பேச்சோடு நின்றது. அதற்குப் பிறகும் ராஜேந்திர பாபு எந்தக் கோப்பையும் முடக்கி வைக்கவில்லை. சந்தேகத்தைச் சட்டக் கழகத்தில் எழுப்பினார். நடத்தையில் மரபை மீறவில்லை.

பிற்காலம் சொன்ன பதில்

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரக் காலம் பிடித்தது. 1974-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, சில விதிவிலக்கான நிலைகள் தவிர, ஜனாதிபதியும் கவர்னரும் மந்திரிசபை யோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1975 ஜூன் 25-ந்தேதி இரவு, மந்திரிசபை கூடுவதற்கு முன்பே, பிரதமரின் யோசனையை மட்டும் கொண்டு அவசரநிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். மந்திரிகளுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது. கேட்காமல் போடும் கையெழுத்தும் நாட்டுக்கு ஆபத்தே என்பதை அந்த இரவு காட்டியது.

1976-ல் வந்த 42-வது திருத்தம், மந்திரிசபையின் யோசனைப்படிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று விடுபட்டுப் போயிருந்த வரியை எழுதிச் சேர்த்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதைச் சற்றுத் தளர்த்தியது. யோசனையை மறுபரிசீலனை செய்யும்படி ஜனாதிபதி ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மந்திரிசபை மறுபடியும் அதையே சொன்னால் ஏற்க வேண்டும். அவசரநிலைக்கு மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றும் அதே திருத்தம் விதித்தது.

யோசித்துப் பார்த்தால், பீகார் மசோதாவிலும் இந்து சட்டத்திலும் ராஜேந்திர பாபு நடந்து கொண்ட முறை இதுவேதான். ஆட்சேபணை இருந்தால் மறைக்காமல் எழுது. காரணம் சொல். யோசிக்க அவகாசம் கேள். அவர்கள் யோசித்த பிறகும் அதே முடிவென்றால் கட்டுப்படு. சட்டத்தில் வரி ஏறுவதற்கு 28 ஆண்டு முன்பே அவர் நடைமுறையில் அந்தப் பாதையில் போய்விட்டார்.

சதாகத் ஆசிரமம்

1962 மே 13-ந்தேதி திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனிடம் பதவியை ஒப்படைத்தார். அந்த ஆண்டே பாரத ரத்னா விருது கிடைத்தது. 12 ஆண்டுகள் இருந்த மாளிகையை விட்டுப் பாட்னாவில் கங்கைக் கரையில் உள்ள சதாகத் ஆசிரமத்தின் எளிய வீட்டுக்குப் போனார். சில மாதத்தில், செப்டம்பரில், மனைவி ராஜவம்சி தேவி மறைந்தார். 1963 பிப்ரவரி 28-ந்தேதி ராஜேந்திர பாபுவும் கண்ணை மூடினார். வயது 78.

அரசியல் சட்டம் டில்லிக்கு மட்டும் உரிய சமாச்சாரம் அல்ல. பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்துக்குப் பிழைக்கப் போகிறவன் அங்கே தங்கவும், தொழில் செய்யவும் உரிமை தருவது அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு. பிறந்த இடத்தைக் காரணம் காட்டிச் சர்க்கார் வேலையில் பாரபட்சம் செய்யக்கூடாது என்பது 16-வது பிரிவு. உரிமை பறிபோனால் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம் என்பது 32-வது பிரிவு. மில் தொழிலாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இருக்கும் பாதுகாப்பு இது. மேலே இருக்கிறவர் தமக்குப் பிடித்த பிரிவை மட்டும் மதித்து, பிடிக்காததை ஒதுக்கத் தொடங்கினால், கீழே இருக்கிறவனுடைய பிரிவும் அதோடு போய்விடும்.

ராஜேந்திர பாபுவின் கருத்துகள் எல்லாவற்றையும் இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. இந்து சட்ட விஷயத்தில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் தம் கருத்து தோற்ற இடத்திலும் அவர் பிரமாணம் தோற்கவில்லை. அதனால்தான் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது.